நீலப் பெட்டியில் எட்டாவது குறடு

அக்கா,

இன்று மத்தியானம் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து நீலப் பெட்டியை இறக்கினேன். நோயாளியின் கன்னத்தை விரித்துப் பிடிக்கிற பிளாஸ்டிக் சாமான்கள் எல்லாம் இப்போது ஒருமுறை பாவித்து எறிகிற மாதிரி வந்துவிட்டன. அதனால் பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிருந்தது. நேற்றுக் கடையில் அவை முடிந்துவிட்டன என்றார்கள். பழையவற்றைத் தேடியெடுத்துக் கிருமி கொல்லுகிற மருந்தில் ஊறவைக்கலாம் என்று போத்தலைத் திறந்தேன். அழுகின அப்பிளும் ஆஸ்பத்திரி விறாந்தையும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், கை தன்பாட்டில் போய்க் கடற்பக்க ஜன்னலைத் திறந்தது. திறக்காவிட்டால் ஏசுவீர்களே. வெள்ளவத்தைக் கடற்காற்று முகத்தில் அடித்த பிறகுதான், ஏசுவதற்கு நீங்கள் இல்லை என்பது உறைத்தது. எட்டு மாதமாகிறது, நான் இன்னும் இப்படித்தான் இருக்கிறேன்.

மூடியின் ஓரத்தில் நீங்கள் கடைசியாக ஒட்டிய வெள்ளைப் பிளாஸ்டர் துண்டு அப்படியே இருக்கிறது. "4 – 3.10." நாலு சாமான், மூன்று பத்துக்குப் போட்டது. உங்கள் நாலு எப்போதும் கதிரையைக் கவிழ்த்து வைத்த மாதிரித்தான் இருக்கும். அதைப் பிய்க்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு துண்டு கிழித்துப் பக்கத்தில் ஒட்டினேன்.

உங்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். போன வெள்ளிக்கிழமை அந்தக் கொட்டாஞ்சேனை ஐயா வந்தார். மின்வெட்டுக் காலத்தில், வரவேற்பறையில் எல்லாருக்கும் முன்னால் உங்களை ஏசினாரே, அவரேதான். அவருக்கு நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரே விஷயத்துக்கு வரலாம். ஆனால் உங்களைப் பற்றிக் கொஞ்சம் கதைக்காமல் என்னால் அங்கே போக முடியாது.

பதினாறு வருடம் இந்தப் பல் கிளினிக்கில் என்னோடு வேலை செய்தீர்கள். ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கலியாணம் முடித்து ஜிந்துப்பிட்டிக்கு வந்தவர். முதல் மாதம் உங்களை மந்தமான ஆள் என்றுதான் நினைத்தேன். வாய்க்குள் பார்க்கிற கண்ணாடியைக் கேட்டால் தரமாட்டீர்கள். மணிக்கூட்டைப் பார்ப்பீர்கள், மூடியைப் பார்ப்பீர்கள், "இன்னும் ஆறு நிமிசம் இருக்கு டொக்டர்" என்பீர்கள். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. ஆறு நிமிடம் நின்று பல்லைக் கடிப்பேன். பல் டொக்டரே பல்லைக் கடித்தால் எப்படி என்று நீங்கள் ஒருநாள் கேட்டீர்கள். அன்றைக்குத்தான் எனக்கு உங்களைப் பிடிக்கத் தொடங்கியது.

மருந்துப் போத்தலில் இருந்த ஆங்கிலத்தை எழுத்தெழுத்தாக வாசித்து, தெரியாத சொல்லை எல்லாம் ஒரு கொப்பியில் எழுதி, மத்தியானத்தில் என்னிடம் அர்த்தம் கேட்பீர்கள். அரைவாசிக்கு எனக்கே பதில் தெரியாது. போத்தலில் இருப்பதைப் பட்டம் எடுத்த நாங்கள் எங்கே வாசிக்கிறோம்? மருந்து விற்க வந்த பையனொருவன், இருபது நிமிடம் ஊறினால் எல்லாம் செத்துப்போகும் என்று அடித்துவிட்டான். நீங்கள் கொப்பியைக் கொண்டுவந்து, எது எது சாகும், எது சாகாது, வரிசையாகச் சொல்லுங்கள் தம்பி என்றீர்கள். அவன் தன் பையை எடுத்துக்கொண்டு போனவன், பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை. ஒருமுறை பெட்டியில் மருந்து குறைந்து கிடந்ததைப் பார்த்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு நிரப்புங்களேன் என்று நான் சொல்லிவிட்டேன். "ஆளு கூடிருச்சுன்னு ரசத்துக்குத் தண்ணி ஊத்துற மாதிரியா டொக்டர்?" என்று கேட்டீர்கள். கதிரையில் கிடந்த நோயாளி வாய்க்குள் பஞ்சோடு சிரித்தார்.

அந்த மூடித் துண்டு உங்களுடைய சொந்த ஏற்பாடு. எத்தனை போட்டது, எத்தனை மணிக்குப் போட்டது, இரண்டே விபரம். எடுக்கும்போது எண்ணுவீர்கள். நடுவில் ஒரு சாமானை உள்ளே விட்டால், அது கொண்டுபோகிற அழுக்கு மற்றவற்றுக்கும் போகும், எல்லாவற்றுக்கும் நேரம் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. நானும் படித்ததுதான். ஒருநாள் ஊறிக்கொண்டிருந்த பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டொன்றை மறதியாக விட்டேன். நீங்கள் பிளாஸ்டரைக் கிழித்து எறிந்துவிட்டுப் புது நேரம் எழுதினீர்கள். அந்தக் கிழிக்கிற சத்தமே எனக்குப் போதுமாக இருந்தது. போதுமாக இருந்திருக்கவேண்டும்.

பிறகு மின்வெட்டு வந்தது. ஒருநாள் போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில், சாமான்களை ஆவியில் அவிக்கிற எங்கள் இயந்திரம் எரிந்துபோனது. பாகம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அந்த நாட்களில் எதுதான் வந்தது? பல் பிடுங்குகிற குறடுகளை மருந்தில் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றாகிவிட்டது. இரத்தம் படுகிற சாமானுக்கு இருபது நிமிடம் போதாது, முழுதாகப் பத்து மணித்தியாலம் வேண்டும். கிளினிக் பின்னேரம் நாலு மணிக்குத் திறப்பது. முதல்நாள் பூட்டும்போதே போட்டுவிட்டுப் போனால், மறுநாள் நாலு மணிவரை ஊறி இரும்பு கறுத்துப்போகிறது. அதைப் பார்த்துவிட்டு நீங்கள், நான் விடிய வருகிறேன் என்றீர்கள். பெற்றோல் இல்லாமல் பஸ்களே அருமையாக இருந்த நாட்கள். ஜிந்துப்பிட்டியிலிருந்து கோட்டை வரை நடந்து, அங்கே கிடைத்த பஸ்ஸில் தொங்கி, காலை ஐந்தரைக்கு வந்து பெட்டியை நிரப்புவீர்கள். மூன்றரைக்கு எடுப்பீர்கள். நான் கேட்கவில்லை. நீங்களாகச் செய்தீர்கள். ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், செய்தீர்கள்.

ஐயா உங்களை ஏசிய அந்தச் சனிக்கிழமையும் ஐந்தரைக்கு ஏழு சாமான் போட்டிருந்தீர்கள். பன்னிரண்டு மணிபோல் நான் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை எடுக்க வந்தேன். நீங்கள் சாப்பாட்டுப் பார்சல் வாங்கப் போயிருந்தீர்கள். கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியில், ஒரு குறடு தனியாகக் கிடந்தது. பாவம், விடிய எழும்பி வந்த களைப்பில் அக்கா இதை மறந்துவிட்டா என்று நினைத்தேன். குழாயைத் திறந்து ஒருதரம் கழுவினேன். மூடியைத் தூக்கி உள்ளே விட்டேன். பிளாஸ்டர் துண்டு என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. உங்களுக்கு ஒரு உதவி செய்துவிட்ட சந்தோஷத்தில் அதை நான் பார்க்கவே இல்லை.

மூன்றரைக்கு நான் திரும்பி வந்தபோது கொட்டாஞ்சேனை ஐயாவும் மனைவியும் வந்து இருந்தார்கள். அந்த அம்மாவின் வலது கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. மூன்று நாளாக நித்திரை இல்லையாம். பின்னால் இன்னும் இரண்டு பேர். உள்ளே நீங்கள் நீளக் குறட்டால் ஒவ்வொன்றாகத் தூக்கி, அடுத்த தட்டில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தீர்கள். எண்ணி முடித்துவிட்டு மூடியைப் பார்த்தீர்கள். திரும்பவும் எண்ணினீர்கள்.

"எட்டு இருக்கு" என்றீர்கள்.

"நான்தான் மத்தியானம் ஒண்டு போட்டனான். நீங்க மறந்திட்டீங்களாக்கும் எண்டு நினைச்சன்" என்றேன். எட்டாவதை மட்டும் எடுத்து நீரில் அலசி, அதன் மூட்டைப் பலங்கொண்ட மட்டும் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தீர்கள். மூட்டுக்குள் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று இருந்தது. முதல்நாள் யாருடைய வாயிலோ பட்ட இரத்தம். மூட்டு இறுகிப்போனதால் திறந்து தேய்க்கவென்று நீங்கள் அதைத் தனியாக எடுத்து வைத்திருந்தீர்கள். நான் மூட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு வெட்கம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், உங்களுக்குத் தெரியும். மற்ற ஏழும் விடியவிலிருந்து கிடந்ததுதானே, இது விழுந்த பிறகும் மூன்றரை மணித்தியாலம் கிடந்திருக்கிறதே, அந்தப் பொம்பிளையின் முகத்தைப் பார்த்தீர்களா என்று படபடவென்று கொட்டினேன். கடைவாய்ப் பல்லுக்கான குறடு எங்களிடம் இரண்டுதான். இரண்டும் அந்தப் பெட்டிக்குள் இருந்தவை. கழுவித் துடைத்து எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் சொன்னேன். ஆம் அக்கா, அதையும் சொன்னேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்பதை மறைக்க எனக்கு இப்போது விருப்பமில்லை.

"கிருமிக்கு நீங்க டொக்டர்னு தெரியாது டொக்டர்" என்றீர்கள். குரலை உயர்த்தவே இல்லை. எல்லாவற்றையும் மறுபடி உள்ளே விட்டு மூடினீர்கள். எட்டாவது மட்டும் வெளியே இருந்தது. பிளாஸ்டரைக் கிழித்து, "7 – 3.40" என்று எழுதி ஒட்டிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே போனீர்கள்.

நான் கதவடியில் நின்றேன். இன்றைக்குப் பல் பிடுங்க முடியாது, சாமான் சுத்தமாகவில்லை என்று அவர்களுக்குச் சொன்னீர்கள். ஐயா எழும்பி நின்று ஏனென்று கேட்டார். "நான் கவனிக்காம நடுவுல ஒன்ன போட்டுட்டேங்க. என் தப்புத்தான்" என்றீர்கள். அவர் உங்களைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"தோட்டத்துச் சனத்தை இந்த வேலையளுக்கு வச்சா இப்பிடித்தான் டொக்டர்."

நீங்கள் அசையவில்லை. உங்கள் காது மடல் மட்டும் சிவந்தது, நான் பார்த்தேன். எனக்கு முகமூடி மூக்குவரை இருந்தது. அதற்குள் நான் என்ன முகத்தோடு நின்றேன் என்று யாருக்கும் தெரியாது. "நுகேகொடையில என்ர சிநேகிதியின்ர கிளினிக்கில ஜெனரேட்டர் இருக்கு, எடுத்துக் கதைக்கிறன்" என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தேன்.

நான் கதைத்து முடித்து வெளியே வந்தபோது நீங்கள் அங்கே இல்லை. காலி வீதியில் நின்றுகொண்டிருந்தீர்கள். ஓட்டோக்கள் எல்லாம் பெற்றோல் வரிசையில் கிடந்த நாள். அரை மணித்தியாலம் வெயிலில் நின்று, போன ஒவ்வொன்றுக்கும் கையைக் காட்டி, கடைசியில் ஒருவனை மறித்து, "மல்லி, லெடெக் இன்னவா, நுகேகொடட யமுகோ" என்று சிங்களத்தில் கெஞ்சினீர்கள். நோயாளி ஒருவர் இருக்கிறார், வா தம்பி என்று. அவன் மாட்டேன் மாட்டேன் என்று கடைசியில் வந்தான். அந்த அம்மாவின் தலை இடிபடாமல் கையை வைத்து ஏற்றிவிட்டீர்கள். ஐயா மறுபக்கத்தால் ஏறினார். அவர் உங்களைப் பார்க்கவில்லை. அன்றைக்கே நுகேகொடையில் அந்த அம்மாவுக்குப் பல் எடுத்தாயிற்று.

மற்ற நோயாளிகளையும் அனுப்பிய பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். நீங்கள் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் ஞாபகமிருக்கிறது. "நீங்க செஞ்சதுன்னு தெரிஞ்சா ஒங்ககிட்ட வாய தொறக்கவே பயப்படுவாங்க டொக்டர். என்கிட்ட யாரும் வாய தொறக்கத் தேவல்லியே."

பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். ஐயாவைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கவேண்டும். நான் தேத்தண்ணி போடட்டா என்று கேட்டேன். நீங்கள் ஓம் என்றீர்கள். இரண்டு பேரும் குடித்தோம். அதற்குப் பிறகு அந்தக் கதையை நீங்களும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எத்தனை பின்னேரம் இருந்தது எங்களுக்கு. தினமும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இவ மறந்திருப்பா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போட்ட சாமானின் எண்ணிக்கையை ஒருநாளும் மறக்காத மனிசி அதை மறந்திருப்பா என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பிரஷர் கூடி ஒரே நாளில் போய்விட்டீர்கள். ஜிந்துப்பிட்டி ஒழுங்கைக்குள் என் காரால் வரமுடியவில்லை. முருகன் கோயிலடியில் நிறுத்திவிட்டு நடந்து வந்தேன். உங்கள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா வீட்டிலும் தோசை மாவு வாளியில் பிளாஸ்டர் ஒட்டி நேரம் எழுதி வைப்பாங்க என்று அழுகைக்கு நடுவில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். செத்த வீட்டில் இரண்டு பேர் சிரிப்பதைப் பார்த்து ஆட்கள் திரும்பினார்கள். உங்கள் காலடியில் நின்று சொல்லலாம் என்றுதான் வந்திருந்தேன். அங்கேயும் என்னால் சொல்ல முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஐயா தனியாக வந்தார். இந்த முறை அவருடைய பல். கதிரையில் சாய்ந்துகொண்டு அங்குமிங்கும் பார்த்தார். மனைவி சுகமாக இருக்கிறாவாம். பிறகு, "அண்டைக்குப் பிழை விட்ட அந்தப் பொம்பிளையை வேலையால நிப்பாட்டிப்போட்டீங்களாக்கும். நல்ல வேலை" என்றார்.

முகமூடியைக் கழற்றினேன் அக்கா. முழுதாகக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"ஐயா, அண்டைக்கு அந்தக் குறட்டைப் போட்டது நான். அவ இல்லை. அவ எண்ணிப் பாத்திருக்காட்டில், அழுக்குச் சாமானை உங்கட மனுசியின்ர வாய்க்குள்ள நான் வச்சிருப்பன். நீங்க அவவை ஏசேக்க நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அவ இப்ப உயிரோட இல்லை."

ஒரே மூச்சில் சொன்னேன். நிறுத்தியிருந்தால் திரும்பவும் தேத்தண்ணி பற்றிக் கதைத்திருப்பேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகேன் அவ தான்தான் என்று சொன்னவ என்று கேட்டார். நீங்கள் தொட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னதை அப்படியே அவருக்குச் சொன்னேன், வாயைத் திறக்கப் பயப்படுவார்கள் என்றதை. வெளியே மரைன் டிரைவில் வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. எழும்பிப் போகப்போகிறார் என்று நினைத்து, அவர் கால் வைக்க வசதியாகத் தட்டைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன். போனால் போகட்டும், அது நியாயம்தான் என்றும் நினைத்தேன்.

"ஓட்டோ பிடிச்சுத் தந்ததும் அவதானே?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். அந்த அரை மணித்தியாலமும் உங்களோடு ஒரு வார்த்தை கதைக்காததை நினைத்தாரோ, வேறு எதை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைத் திறந்தார்.

பதினாறு வருடத்தில் நீங்கள் பிழையாக எண்ணி நான் பார்த்தது அந்த ஒன்றைத்தான், அக்கா.

எனக்குக் கண் கலங்கிவிட்டது, உடனே தொடங்க முடியவில்லை. புது முகமூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு, அவருக்குக் கேட்கிற மாதிரித் தட்டில் இருந்ததை எண்ணினேன். போட்டது ஆறு. இருந்ததும் ஆறு.